பேச்சியம்மாவுக்கு நடிக்கத் தெரியும்

மருதங்குடியிருப்பில் பண்பாடு கெட்டுப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் அது நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் வரைக்கும் யாரும் குறை சொல்லவில்லை. பின்னேரம், பண்பாட்டுக் காப்புப் பேரவையின் செயலாளர் சிவராசா சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்தபடி கைத்தொலைபேசியைத் தட்டியபோதுதான் அது கெட்டுக் கிடப்பது தெரியவந்தது.

திரையில் பேச்சியம்மா இருந்தாள். கையில் ஒரு கிளாஸ். கிளாஸில் மண்ணிறமாக ஏதோ. அதை ஒரே மடக்கில் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு பக்கத்தில் இருந்த ஆம்பிளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். சிவராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். சரியாகப் பார்த்தோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு தரம் பார்த்தார். மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போன பிறகு, முழு ஊரின் நன்மையையும் கருதி, மேலும் பல தடவை பார்த்தார். பிறகு சேர்ட்டைக் கொளுவிக்கொண்டு தலைவர் பாலன் சேர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார்.

பேச்சியம்மா ஊரின் தையற்காரி. பொதுநோக்கு மண்டபத்தோடு ஒட்டிய சின்ன அறைதான் அவளுடைய கடை. மண்டபம் பேரவையின் பொறுப்பில் இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள் அவளுடைய தாய் தகப்பன். அவள் இங்கேதான் பிறந்தாள், இங்கிருந்துதான் இடம்பெயர்ந்தாள், இங்கேதான் திரும்பி வந்தாள். ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வயற்காணி கிடைத்து வந்த வாய்க்கால் கரைக் குடும்பங்களுக்கு அவள் இன்றைக்கும் "அந்தத் தோட்டத்துப் பிள்ளை"தான். மருதங்குடியிருப்பில் ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது.

அவளுடைய புருசன் ஆண்டியப்பன் கலியாணம் முடித்த நாளிலிருந்து குடித்தான், குடித்தே செத்தான். அவன் உயிரோடு இருந்தபோது, அடி தாங்க முடியவில்லை என்று பேச்சியம்மா இரண்டு முறை பேரவையிடம் போனாள். குடும்ப விசயத்தில் பேரவை தலையிடுவதில்லை என்று இரண்டு முறையும் சொன்னார்கள். அவன் செத்ததும் பேரவை தலையிட்டது. 'பண்பாளர் ஆண்டியப்பன்' என்று சந்தியில் அஞ்சலிப் பனர் கட்டினார்கள்.

அவள் படத்தில் நடிக்க வந்ததும் தையலால்தான். கிளிநொச்சியிலிருந்து சுமன் என்ற பெடியன் தன் குறும்படத்துக் கதாநாயகிக்கு ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தான். பிளவுஸ் முடிந்த அன்று கதாநாயகி போனில் சொல்லிவிட்டாள்: கிளாசைப் பிடிக்கிற வேசம் என்றால் வீட்டில் வெட்டிப்போடுவார்கள், வரமாட்டேன். சுமன் பிளவுஸைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றான். "அக்கா, இந்த அளவு உங்களுக்குக் காணுமோ?" என்று கேட்டான். கண்டது, அவளுக்கென்றே தைத்ததுபோல.

கதை ஒரு குடிகாரனின் மனைவியைப் பற்றியது. கடைசிக் காட்சியில் அவள் அழவேண்டும். பேச்சியம்மாவுக்கு அழுகை வரவில்லை. ஆண்டியப்பனுக்காக அழுதே அது தீர்ந்துபோயிருந்தது. "தம்பி, நான் அந்தக் கிளாஸை வாங்கிக் குடிச்சுப் பாத்தா என்ன?" என்று கேட்டாள். சாராய நிறத்துக்காகப் பால் விடாத பிளேன்ரீயை ஊற்றிக் கொடுத்தார்கள். அவள் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குத்தானா?" என்றாள். பிறகு புருசனாக நடித்த செல்வராசாவின் தோளில் கையைப் போட்டுச் சிரித்தாள். கமராப் பெடியன் கண்ணைத் துடைத்தான். செல்வராசாவுக்கு நடிக்கத் தெரியாது என்பதால் அவனுக்கு மட்டும் உண்மையான சாராயமே ஊற்றியிருந்தார்கள்.

படம் வெளிவந்த அடுத்த செவ்வாய்தான் நாம் முதலில் சொன்ன செவ்வாய்.

விசாரணை சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் நடந்தது. பேச்சியம்மா பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைச் சட்டையில் குத்தியபடியே வந்துவிட்டாள். ஏதோ பாடசாலைச் சீருடைக் கதையாக்கும் என்று நினைத்தாள். மேடையில் தலைவர் பாலன் சேர், செயலாளர் சிவராசா, பொருளாளர் இளையதம்பி, பெண்கள் பிரதிநிதி பத்மாசனி ரீச்சர் ஆகியோர் கதிரைகளில் இருந்தார்கள். பாலன் சேர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. எந்தக் கூட்டத்தையும் மங்கல விளக்கு ஏற்றாமல் அவர் தொடங்கியது கிடையாது, விசாரணையையும்தான். நாலு திரியை நாலு பேரும் ஏற்றினார்கள். ஐந்தாவது திரிக்கு ஆள் இல்லை.

"பிரதம விருந்தினர் இல்லாத இடத்தில, விசாரிக்கப்படுறவவைக் கூப்பிடுறதுதான் மரபு," என்றார் பாலன் சேர்.

பேச்சியம்மா படியேறினாள். இளையதம்பி குனிந்து தலைவரின் காதில் ஏதோ சொன்னார். பாலன் சேர் தொண்டையைச் செருமினார்.

"பேச்சியம்மா, ஒண்டும் குறை நினைக்காதேங்கோ. புருசன் இல்லாத ஆக்கள் விளக்கு ஏத்தக்கூடாது எண்டு நாங்கள் சொல்ல மாட்டம். அது மூடநம்பிக்கை. ஆனா நீங்கள் ஏத்தாமல் விட்டால் நல்லம்."

அவள் படியிறங்கினாள். சாட்சி சொல்ல வந்து பின்வரிசை வாங்கில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த செல்வராசாவை எழுப்பி ஐந்தாவது திரியை ஏற்றவைத்தார்கள். அவன் மூச்சுக்காற்றுப் பட்டுச் சுடர் ஒருதரம் பெரிதாக எழுந்து அடங்கியது.

தலைவர் உரை தொடங்கியது.

"மலையகத்து மக்கள் எங்கட உடன்பிறப்புகள். எங்களிட்டப் பிரிவினை கிடையாது. எங்கட கிணத்தில நீங்கள் தண்ணி அள்ளேக்க நாங்கள் ஏதாவது சொன்னமா? பேசாமல் பாத்துக்கொண்டுதானே நிண்டனாங்கள்? உங்களை எங்கட ஆக்களாய் நினைக்கிறபடியாத்தான் கூப்பிட்டு விசாரிக்கிறம். எங்கட ஆக்கள் இதைச் செய்திருந்தால் விசாரிச்சே இருக்க மாட்டம்."

பத்மாசனி ரீச்சர் ஆமோதித்து "ஓம்" என்றார். பெண்கள் பிரதிநிதியின் கடமை அதுதான். தலைவர் மூச்சு விடுகிற இடங்களில் அவர் ஓம் என்று சொல்வார், இடைவேளையில் தேத்தண்ணி ஊற்றுவார்.

சிவராசா குற்றச்சாட்டுகளை வாசித்தார். ஒன்று, பெண்ணாய்ப் பிறந்து மது அருந்தியது. இரண்டு, அந்நிய ஆடவனுடன் ஒரே வாங்கில் இருந்து தோளில் கை போட்டது. மூன்று, சிரித்தது.

"ஐயா, அது பிளேன்ரீ," என்றாள் பேச்சியம்மா.

"மூண்டாவதை முதல் எடுப்பம்," என்றார் சிவராசா. "அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு?"

"சிரிப்பு வந்தது, சிரிச்சனான்."

"புருசன் இல்லாத பொம்பிளை அப்பிடிச் சிரிச்சால், பாக்கிற எங்கட பெடியளின்ர மனம் என்ன பாடுபடும் எண்டு யோசிச்சனீங்களோ?"

"எந்தப் பெடியள் ஐயா? எத்தினை வயசு?"

சிவராசா கொஞ்சம் யோசித்தார். "எல்லா வயசிலயும் இருக்கினம். அறுபது தாண்டின பெடியளும் இருக்கினம்."

போன மாதம் பேரவையின் ஆண்டுவிழாவில் பாலர் வகுப்புச் சிறுமிகள் ஆடியது ஒரு சினிமாப் பாட்டுக்கு. அந்தப் பாட்டில் நாயகன் போத்தலைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் இடுப்பைப் பற்றி மூன்று சரணம் பாடுவான். சிறுமிகள் தலையில் வெறும் சோடாப் போத்தல் வைத்து ஆடினார்கள். சிவராசாதான் எழுந்து நின்று முதலில் கைதட்டினார். பேச்சியம்மாவுக்கு அது நினைவில் இருந்தது, ஏனென்றால் அந்தச் சிறுமிகளின் சட்டைகளை அவள்தான் தைத்தாள். அது எப்படிச் சரி, இது எப்படிப் பிழை என்று மனதுக்குள் தேடிப் பார்த்தாள். படித்தவர்கள், ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"பிளேன்ரீ எண்டால் முகம் ஏன் அப்பிடிப் போனது?" என்று இளையதம்பி கேட்டார்.

"அது நடிப்பு ஐயா."

"குடிச்சுப் பழக்கமில்லாத ஆளுக்கு அந்த முகம் எப்பிடித் தெரியும்?"

"என்ர மனிசன் ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னால இருந்துதானே குடிச்சவர். நான் பாக்கிறதுக்கு வேற முகம் இருக்கேல்லை."

பத்மாசனி ரீச்சர் ஓம் சொல்ல மறந்துபோனார். பாலன் சேர் மட்டும் சுதாரித்துக்கொண்டார்.

"இது உணர்ச்சிவசப்படுற விசயமில்லை. விஞ்ஞான ரீதியாய்ப் பாக்கவேணும். சாராயம் குடிச்ச முகம் எப்பிடி, பிளேன்ரீ குடிச்ச முகம் எப்பிடி எண்டு ஒப்பிட்டுப் பாத்தால் உண்மை தெரியவரும். இஞ்ச சாராயம் குடிச்ச அனுபவம் உள்ளவை ஆராவது இருக்கிறியளோ?"

மேடையில் எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள்.

இப்படித்தான் செல்வராசா நிபுணர் ஆனார். நிபுணரை 'அவன்' என்று எழுதுவது முறையல்ல என்பதால் இனி நாமும் அவரை 'அவர்' என்றே சொல்லுவோம். அவருக்கு மேடையில் கதிரை போட்டார்கள். மது இயல் அறிஞர் என்று அறிமுகம் செய்து பொன்னாடை போர்த்தினார்கள். படத்தில் உண்மையில் குடித்தவர் அவர்தானே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒரே ஆள் பேச்சியம்மா. அவள் வாய் திறப்பதற்குள் இளையதம்பியின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்து ஒரு போத்தல் வந்துவிட்டது. விருந்தினருக்காக வைத்திருந்தது என்று இளையதம்பி சொன்னார். எல்லோரும் நம்பினார்கள்.

செல்வராசா முதலில் சாராயத்தைக் குடித்தார். அவருடைய முகம் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டவர் முகம்போலச் சாந்தமாக இருந்தது. பிறகு பிளேன்ரீயைக் குடித்தார். கண் சுருங்கி, வாய் கோணி, உடம்பு ஒருதரம் உலுக்கி எடுத்தது.

"என்ன சனியன் இது?" என்றார் நிபுணர்.

படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். பேச்சியம்மாவின் சுளித்த முகமும் நிபுணர் பிளேன்ரீ குடித்த முகமும் ஒன்றாகவே இருந்தன.

"அப்ப நான் குடிச்சது பிளேன்ரீதானே ஐயா?" என்றாள் பேச்சியம்மா. கொக்கி வேலை பாதியில் கிடந்தது. எழுந்து போகலாமா என்று பார்த்தாள்.

"இருங்கோ, இருங்கோ. ஒரு ஆளை வைச்சு முடிவெடுக்கேலாது," என்றார் இளையதம்பி. "இவர் பழகின ஆள். பழகாத ஆள் குடிச்சால் முகம் எப்பிடிப் போகும் எண்டும் பாக்கவேணுமல்லோ? ஊருக்காக நான் அந்தத் தியாகத்தைச் செய்யிறன்."

இளையதம்பி தியாகம் செய்தார். முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அளவு போதாதோ என்று இன்னொரு தரம் செய்தார். ஒப்பிட்டுப் பார்க்க சிவராசாவும் செய்தார். ஆய்வைத் தலைவர் நேரடியாகக் கண்காணிக்காவிட்டால் நாளைக்குக் கேள்வி வரும் என்று பாலன் சேரும் கிளாஸை எடுத்தார். பழக்கமில்லாத மூன்று முகங்களும் ஆலமரத்தடிப் பிள்ளையார்போல அசையாமல் இருந்தன. ஆய்வுக்கு மிக்சர் தேவைப்பட்டது. பத்மாசனி ரீச்சர் கடைக்கு அனுப்பப்பட்டார். பேச்சியம்மா வாங்கின் நுனியில் இருந்து, இது எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயமுன் பாலன் சேர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"ஆய்வு முடிவு தெளிவாய் இருக்கு. நடிப்பு எண்டது பெரிய கலை. அதுக்குப் பரம்பரை வேணும், பயிற்சி வேணும். பேச்சியம்மாவின்ர பின்னணியில வந்த ஒரு ஆளுக்கு நடிக்கத் தெரியாது. நடிக்கத் தெரியாத ஆள் குடிச்ச மாதிரி இருந்தால், அவ உண்மையிலதான் குடிச்சிருக்கிறா. இதைவிட நாலாவது குற்றமும் சேருது."

"நாலாவது என்ன சேர்?" என்று பேச்சியம்மா திகைத்துப்போய்க் கேட்டாள்.

"ஆம்பிளையள் குடிக்கிற இடத்தில ஒரு பொம்பிளை இவ்வளவு நேரம் இருக்கிறது. இப்ப இருந்தனீங்கள்தானே? நாங்கள் நாலு பேரும் சாட்சி."

"ஓம்," என்றார் செல்வராசா, பத்மாசனி ரீச்சர் அப்போது மிக்சர்த் தட்டோடு அசையாமல் நின்றதால்.

மறுநாள் கடைக்குப் பூட்டு விழுந்தது.

பேச்சியம்மா தையல் மெசினை ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊரின் கடைசியில், வாய்க்கால் தண்ணீர் எட்டாத பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குப் போனாள். வழியில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். மெசின் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வதிலேயே கவனம் போய்விட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்டு அங்கேயே தைத்தாள். வாய்க்கால் கரைப் பெண்கள் ஒரு வாரம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒருத்தி வந்தாள். தீபாவளி நெருங்கியதும் எல்லோரும் வந்தார்கள். ஆனாலும் வரும்போதும் போகும்போதும் சீலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள், கள்ளுக்கடைக்குப் போய்வருகிற ஆம்பிளைகள்போல.

அந்த நேரத்தில்தான் பேரவைக்குத் தானும் ஒரு குறும்படம் எடுக்கவேண்டும் என்ற யோசனை வந்தது. தீமையைத் தீமையாகக் காட்டும் படம். கலியாண வீட்டு வீடியோக்காரரைப் பிடித்தார்கள். பாலன் சேரே கதை எழுதினார். ஒரு கெட்ட பெண் குடிக்கிறாள், சிரிக்கிறாள். புருசன் அடிக்கிறான். அவள் திருந்திப் புருசனின் காலில் விழுகிறாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து நீண்ட நேரம் பேசுகிறார். பெரியவராக நடிக்கப் பேரவையில் கடும் போட்டி இருந்தது. கெட்ட பெண்ணாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. பளையில் கேட்டார்கள், ஓமந்தையில் கேட்டார்கள். நல்ல குடும்பத்துப் பெண்களெல்லாம் தாங்கள் நல்ல குடும்பம் என்றார்கள்.

கடைசியில் பத்மாசனி ரீச்சரிடம் கேட்டார்கள்.

"சேர், இவ்வளவு காலமும் நீங்கள் கேட்டதுக்கெல்லாம் ஓம் எண்டனான்," என்றார் ரீச்சர். "இதுக்கு மாட்டன்."

அவர் வாயிலிருந்து வேறு சொல்லும் வரும் என்று பேரவைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் மூன்று பேரும் தகரக் கொட்டிலுக்குப் போனார்கள். பேச்சியம்மா கதிரைகளைத் துடைத்துப் போட்டாள்.

"ஒரு உதவி, பேச்சியம்மா," என்றார் பாலன் சேர். "கெட்ட பொம்பிளையாய் நடிக்க எங்களுக்கு ஒரு ஆள் வேணும். நீங்கள்தான் பொருத்தம்."

பேச்சியம்மா உண்மையிலேயே குழம்பிப்போனாள். "எனக்கு நடிக்கத் தெரியாதெண்டு நீங்கள்தானே சேர் தீர்ப்புச் சொன்னியள்?"

கதிரை துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டாள்.

"இப்ப எனக்கு நடிக்கத் தெரியுமெண்டால், அண்டைக்கும் நடிச்சிருப்பன். அப்ப கடையைப் பூட்டினது ஏன்? நடிக்கத் தெரியாதெண்டால் என்னைக் கூப்பிட்டு என்ன செய்யப் போறியள்? எனக்கு விளங்கேல்லை சேர். படிக்காத ஆள், ஒருக்கால் விளங்கப்படுத்துங்கோ."

விளங்கப்படுத்த முடியவில்லை. வழியெல்லாம் மூன்று பேரும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனார்கள். அவசரப் பொதுக்கூட்டம் கூடியது. விளக்கு ஏற்றினார்கள். தலைவர் முன்மொழிய, செயலாளர் வழிமொழிய, 'பேச்சியம்மாவுக்கு நடிக்கத் தெரியும்' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்றைக்குக் கிளாஸில் இருந்தது பிளேன்ரீ என்பதும் அதனால் தானாகவே நிறைவேறியது. மறுநாள் கடைப் பூட்டைச் சிவராசாவே திறந்துவிட்டார். மெசினைத் திரும்பக் கொண்டுவரப் பேரவையே உழவு இயந்திரம் அனுப்பியது.

பேச்சியம்மா அறையைக் கூட்டி, மெசினுக்கு எண்ணெய் விட்டு, நூல் கோத்தாள். பிறகுதான் கதையைக் கேட்டாள். பாலன் சேர் நடித்துக்காட்டியே சொன்னார். அடிக்கிற இடம் வந்ததும் அவள் நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"குடிக்கிறதும் சிரிக்கிறதும் எனக்கு நடிக்க வரும் சேர். அடி வாங்கிறது வராது."

"ஏன் வராது? சும்மா மெல்லமாய்த்தானே..."

"அதை நான் நடிக்காமலே செய்தனான். நீங்கள் ஆரும் வந்து பாக்கேல்லை. வேற ஆளைப் பாருங்கோ."

அதற்குமேல் பாலன் சேர் எவ்வளவோ பேசினார். பேச்சியம்மா மெசினை மிதித்தாள். மெசின் சத்தத்தில் அவர் பேசியது கேட்கவில்லை.

தீர்மானத்தை ரத்துச் செய்யலாமா என்று யோசித்தார்கள். ரத்துச் செய்தால், பேச்சியம்மா மனம் மாறினாலும் அவளைக் கெட்ட பெண்ணாக நடிக்கக் கேட்க முடியாது. அத்தோடு தீபாவளி வருகிற நேரத்தில் கடையைப் பூட்டினால் பேரவை உறுப்பினர்களின் வீடுகளில் யாருக்கும் புதுச் சட்டை இருக்காது. அந்த யோசனை கைவிடப்பட்டது. அப்போது இளையதம்பிக்கு நல்ல ஞானம் வந்தது. நாட்டுக்கூத்தில் பொம்பிளை வேசத்தை ஆம்பிளைகள்தானே கட்டினார்கள்? அதைவிடப் பண்பாடு எது? கிளாஸ் பிடிக்கிற பெண்ணைத்தான் பேரவை எதிர்த்தது. சீலை கட்டிக் கிளாஸ் பிடிக்கிற ஆணோ கலைஞன். காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அந்தச் சிரிப்பை மனப்பாடமாக அறிந்தவர் என்ற முறையில் சிவராசா தெரிவு செய்யப்பட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மீசையைத் தடவிப் பார்த்தார். அடுத்த நாள் மீசை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, கடையில் கூட்டமாக இருந்த நேரம் சிவராசா வந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பத்மாசனி ரீச்சரும் தன் சட்டையை வாங்க வாசலில் நின்றார். சிவராசா கையிலிருந்த சிவப்புத் துணியை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு பிளவுஸ்."

"ஆருக்கு ஐயா?"

"எனக்கு."

பேச்சியம்மா அளவு நாடாவை எடுத்தாள். சேர்ட்டைக் கழற்றச் சொன்னாள். சிவராசா சுற்றிவரப் பார்த்தார்.

"கதவைச் சாத்தும்."

"சாத்தினால் நீங்களும் நானும் தனிய ஒரு அறைக்குள்ள எண்டு விசாரணை வரும் ஐயா."

"அப்ப திறந்தே இருக்கட்டும்."

"திறந்தால் எல்லாரும் பாப்பினம்."

சிவராசா நெடுநேரம் யோசித்தார். கதவைப் பாதி சாத்தினார். பிறகு சேர்ட்டைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றார். பேச்சியம்மா நாடாவை அவருடைய நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தாள். நாடா போதவில்லை. இன்னொரு நாடாவைத் தேடி எடுத்தாள்.

"கை எவ்வளவு நீளம் வேணும் ஐயா?"

"பண்பாடாய் இருக்கட்டும்."

அவள் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்தாள். சிவராசா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவளுடைய உதடுகள் இறுகியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என்ன, சிரிக்கிறீரோ?"

"இல்லை ஐயா," என்றாள் பேச்சியம்மா, சோக்கட்டியால் துணியில் கோடு போட்டபடி. "நடிக்கிறன்."

வாசலில் நின்ற பத்மாசனி ரீச்சருக்கு நடிக்கத் தெரியாது. அவர் மண்டபம் அதிரச் சிரித்தார்.